ராக் டிரம்மருக்கு எவே மணித்தாளம்

கானா, டோகோ நாட்டு எவே மக்களின் இரும்பு மணித்தாளத்தை டிரம் செட்டில் தனியாகவே பழகலாம். ஒரு கௌபெல் (குச்சியால் தட்டும் உலோக மணி) போதும். அதுவும் இல்லையென்றால் ரைட் சிம்பலின் (டிரம் செட்டின் பெரிய உலோகத் தட்டு) நடுக்குமிழ்.

ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு. மணி விழுவது 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய ஏழில். நம் திஸ்ரம் (மூன்று மூன்றாக எண்ணும் தாளநடை) தெரிந்தவர்களுக்கு வேலை பாதி குறையும்: ‘தகிட’ நான்கு முறை சொன்னால் சுற்று முடிந்தது. முதல் தகிடவில் த, ட; இரண்டாவதில் கி, ட; மூன்றாவதில் கி மட்டும்; நான்காவதில் த, ட.

குச்சியை உடனே எடுக்காதீர்கள். மெட்ரோனோமை (சீராக டிக் அடிக்கும் கருவி) நிமிடத்துக்கு 60-ல் வைத்து, ஒரு டிக்குக்கு ஒரு தகிட என்று வாயால் சொல்லியபடி மணி விழும் இடங்களில் கை தட்டுங்கள். பிறகு வலது கையில் மணி, இடது காலில் ஹை-ஹாட் (மிதித்து மூடும் இரட்டைத் தட்டு) 1, 4, 7, 10-ல்.

சறுக்கும் இடம் 4-ம் 7-ம். அங்கே கால் விழும், மணி விழாது. ராக் பழகிய கை அந்த வெற்றிடத்தைப் பொறுக்காமல் மணியைக் காலோடு சேர்த்துவிடும். அப்போது வேகத்தைக் குறைத்து, 3–4–5-ஐ மட்டும் கை, கால், கை என்று திரும்பத் திரும்ப வாசியுங்கள்.

ஸ்னேர் டிரம்மில் பேக்பீட் (ராக்கில் நான்கு அடிகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஓங்கி விழும் அடி) வேண்டாம். அது நுழைந்தால் மணி வெறும் அலங்காரமாகிவிடும். ஐந்து நிமிடம் பிசகாமல் ஓடினால், ஹை-ஹாட் மிதிக்கும் காலை 1, 3, 5, 7, 9, 11-க்கு மாற்றிப் பாருங்கள். அதே மணி வேறு தாளமாகக் கேட்கும்.