ஸ்டோரில் கிடந்த புல்லி: பெல்ட், கன்வேயர் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையின் கூரைமேல் பெரிய எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று. காற்று போதவில்லை என்று புகார். மோட்டார் புல்லி 125 மி.மீ., விசிறிப் புல்லி 200 மி.மீ. "அண்ணே, ஸ்டோர்ல 140 ஒண்ணு சும்மா கெடக்கு, போட்டுடலாமா?" என்றான் தம்பி ஒருவன். நானும் சரியென்றேன். காற்று நன்றாக வந்தது. அரை மணி நேரத்தில், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப். ரீசெட் செய்தால் மறுபடியும் டிரிப்.

கணக்கு இதுதான். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. அதை 125ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் விசிறிக்கு 900 சுற்று. 140 போட்டதும் 1,008. வேகம் கூடியது 12 விழுக்காடுதான். ஆனால் விசிறி இழுக்கும் பவர் வேகத்தின் மும்மடிப்படி ஏறும்: 1.12ஐ மூன்று முறை பெருக்கினால் 1.4. முன்பு 6 கிலோவாட் இழுத்த விசிறி இப்போது 8.4 கேட்கிறது, மோட்டாரோ 7.5. விசிறியிலும் சுழல் பம்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் புல்லியில் கை வைக்காதீர்கள்.

தைவானிலிருந்து வரும் மெஷின்களில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், சிங்கப்பூரில் 50. பெயர்ப்பலகையில் 1,740 சுற்று என்று இருக்கும் மோட்டார் இங்கே 1,450 அளவில்தான் ஓடும். பலகையை அப்படியே நம்பிப் புல்லி வாங்கினால் மெஷின் ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழக்கும்.

வெர்னியரால் அளந்து அந்த எண்ணையே கடையில் சொல்வது இன்னொரு தவறு. எஸ்பிஏ என்னும் V வடிவ பெல்ட்டுக்கான புல்லியில் வெளிவிட்டம் 105.5 மி.மீ. என்று காட்டினால் அதன் பெயரளவு 100. பெல்ட்டின் இழுவை ஓடுவது விளிம்பில் அல்ல, சற்று உள்ளே. வேகக் கணக்குக்கும் அந்த 100தான்.

வேகம் குறைய வேண்டும், இடமும் இல்லை என்று மோட்டார் பக்கம் மிகச் சிறிய புல்லி போடுகிறவர்கள் நிறைய. எஸ்பிஏ பெல்ட்டுக்கு 90 மி.மீ., அதைவிடப் பெரிய எஸ்பிபிக்கு 140 என்பது அடி எல்லை. அதற்குக் கீழே போனால் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைந்து சூடேறும். அடிப்பக்கம் குறுக்கே வெடிக்கும். அதோடு நிற்காது. அதே முறுக்குவிசையைச் சிறிய ஆரத்தில் கடத்த அதிக இழுவை தேவை. அந்த இழுவை முழுவதும் மோட்டாரின் முன்பேரிங்மேல்தான் விழும். பேரிங்கை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் ஒருமுறை புல்லியை அளந்து பாருங்கள்.

தேய்ந்த புல்லியில் புது பெல்ட் போடுவதுதான் என் கண்ணில் அதிகம் படும் தவறு. மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டார்ச்சைப் புல்லியில் பெல்ட் உட்காரும் காடிக்குள் அடித்துப் பாருங்கள். பக்கச்சுவர் நேராக இருக்க வேண்டும். கிண்ணம்போலக் குழிந்திருந்தால் அது முடிந்த புல்லி. காடியின் அடி கண்ணாடிபோல மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். பெல்ட் பிடிக்க வேண்டியது பக்கவாட்டில். அந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் கருகிய ரப்பர் வாடைதான் மிஞ்சும்.

கன்வேயருக்கு வருவோம். திறந்தவெளியில் ஓடும் கன்வேயரில், பெல்ட்டை இழுக்க வெற்று இரும்பு டிரம் போடுவது இந்த ஊர் மழைக்கு ஒத்துவராது. பெல்ட் டிரம்மை 180 பாகை சுற்றியிருந்தால், உலர்ந்த இரும்பில் இறுகிய பக்க இழுவை தளர்ந்த பக்கத்தைப்போல 3 மடங்கு வரை தாங்கும். நனைந்து உராய்வு 0.1 அளவுக்கு விழுந்தால் அது 1.37 மடங்குதான். டிசம்பர் மழையில் டிரம் சுற்றும், பெல்ட் நிற்கும். டிரம்மேல் ஒட்டும் ரப்பர் உறை, அதாவது லேகிங் வேண்டும், அதில் தண்ணீர் வடியக் காடியும் வேண்டும்.

லேகிங் ஒட்டியவுடன் விட்டம் மாறுவதை மறந்துவிடுகிறார்கள். 300 மி.மீ. டிரம்மில் 12 மி.மீ. லேகிங் ஒட்டினால் 324. பெல்ட் 8 விழுக்காடு வேகமாக ஓடும். சென்சாரும் தள்ளுகோலும் நேரம் தவறும்.

டிரம் அகலம் பெல்ட்டுக்குச் சமமாக இருக்கவே கூடாது. 600 மி.மீ. பெல்ட்டுக்கு 650 ஆவது வேண்டும்.

ஜாலான் புசார் பக்கம் புல்லி வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். புல்லியை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிக்கும் கூம்புப் புஷ்ஷில் 1610 போன்ற எண் பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் அது தாங்கும் அதிகபட்சத் துளை, 1.6 அங்குலம். ஷாஃப்ட் விட்டத்தையும், புல்லி ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் கீ துண்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள். துடைத்து உலர்ந்தபடியே ஏற்றி, போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள்.