ஊருக்குப் போகும் பெட்டியில் என்ன உடுப்பு, என்ன செருப்பு?

ஊரில் செருப்பு காலில் கிடப்பதைவிட வாசலில் கிடப்பதுதான் கூட. இது எனக்கு விளங்க மூன்று பயணம் எடுத்தது.

முதல் தடவை ரொறன்ரோவிலிருந்து வெளிக்கிட்டபோது பெட்டிக்குள் நாலு சோடி சப்பாத்து வைத்திருந்தேன். எல்லாம் நாடா கட்டுகிற சாதி. யாழ்ப்பாணத்தில் ஒரு காலைப்பொழுதுக்குள்ளேயே பெரியம்மா வீடு, அயல்வீடு, பிள்ளையார் கோயில், மாமா வீடு, திரும்பவும் பெரியம்மா வீடு என்று போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவிழ்ப்பதும் நிமிர்ந்து கட்டுவதுமாக இருந்தேன். "தம்பி, உதை நீ கழட்டி முடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும்" என்று சிரித்த பெரியம்மா, பின்வாசலில் கிடந்த ஒரு பழைய பாட்டாச் செருப்பைக் காலால் தள்ளிவிட்டார். மிச்ச இரண்டு கிழமையும் அதோடுதான் திரிந்தேன்.

ஆகவே செருப்பிலிருந்து தொடங்குவோம். குனியாமல் கழற்றவும் குனியாமல் போடவும் கூடிய ஒரு சோடி, இதுதான் நாளாந்தம் உழைக்கப்போவது. பயணத்துக்கும் நீண்ட நடைக்கும் பின்வார் வைத்த, அடி தடித்த சாண்டில் ஒன்று. வீட்டுக்கும் கிணற்றடிக்கும் இறப்பர்ச் செருப்பு. அதை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே எந்தச் சந்தியிலும் வாங்கலாம். தோல் சப்பாத்து, கலியாண வரவேற்புக்கு கோட் போடுகிற எண்ணம் இருந்தால் மட்டும். நீண்ட விமானப் பயணத்திலும் வெக்கையிலும் கால் கொஞ்சம் வீங்கும் என்பதால் இறுக்கமான அளவு கூடாது. புதுச் சோடி என்றால் இங்கேயே இரண்டு கிழமை போட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள். குதிக்கால் கொப்பளத்தோடு கோயில் மணலில் நடப்பது எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அலுமாரியில் பல வருடம் பெட்டியோடு கிடந்த நல்ல சப்பாத்தை "ஊருக்கு எண்டு" எடுத்து வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள். பொலியூரிதேன் அடி வைத்த சப்பாத்து போடாமல் கிடந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்ல உக்கும். ஒரு கலியாண மண்டப வாசலில் என் இடது சப்பாத்தின் அடி முழுதாகக் கழன்று பின்னால் கிடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைக் கையில் எடுத்துவந்து தந்தார்.

வெள்ளை ஸ்னீக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கமெல்லாம் செம்பாட்டு மண். வெயில் காலத்தில் தூசியாக ஏறும், மாரியில் சேறாக அப்பும், இரண்டும் போகாது. மண்ணிறம், சாம்பல், கறுப்பு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் நிம்மதி.

காலம் பார்த்து உடுப்பு

கனடாக்காரருக்கும் லண்டன்காரருக்கும் ஊர் என்றாலே வெயில்தான் நினைவு. ஆனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பெட்டி முற்றாக மாறும்.

பங்குனி, சித்திரையில் வெக்கை ஏறத் தொடங்கி வைகாசிக் காண்டாவனத்தில், அதாவது கத்திரி வெயிலில், உச்சத்துக்கு வரும். அந்த நாட்களில் பருத்தியைத் தவிர வேறொன்றும் உடம்பில் நிற்காது. பொலியெஸ்ரர் கலந்த சேட்டை மடிக்க இலகு என்று கொண்டுபோனால் பத்து மணிக்கே முதுகோடு ஒட்டிவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோளகம் வீசும். பாடசாலை விடுமுறையில் போகிற எங்களில் பெரும்பாலானோர் சந்திப்பது இந்தக் காற்றைத்தான். சோளகத்தில் மெல்லிய ஷிபோன் சீலை கட்டினால் முந்தானை உங்கள் சொல்லுக்கு நிற்காது. கொஞ்சம் பாரமான பருத்திச் சீலையும் நாலு ஊசியும் உதவும். அகலப் பாவாடைக்கும் இதே கதை.

ஐப்பசி முதல் மார்கழிவரை மழை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது ஜீன்ஸ் ஒரு தண்டனை, நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. கணுக்காலுக்கு மேலே நிற்கிற மெல்லிய காற்சட்டையும் தோலில்லாத செருப்பும் போதும். நுளம்பு பெருகும் பருவமும் இதுதான். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் வெளிர்நிறத்தில் நீளக்கைச் சட்டை இரண்டு மூன்று கட்டாயம் வேண்டும், சிறுபிள்ளைகளுக்குக் கூடுதலாக. தையும் மாசியும் நல்ல காலம். விடியப்புறம் பனி விழும், வாடைக்காற்று குளிரும். மைனஸ் இருபதில் இருந்து வந்தவனுக்கு இதென்ன குளிர் என்று நானும் நினைத்தேன். மூன்றாம் நாள் பெரியப்பாவின் சால்வையைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் இருந்தேன்.

எந்த மாதமானாலும் ஒரு போர்வை அல்லது ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவிரவாக யாழ்ப்பாணம் ஓடுகிற ஏசி பஸ்ஸில் இருக்கிற குளிர் ஊரில் வேறெங்கும் கிடையாது.

கோயில்

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேலுடுப்பைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். ஆட்சி மாறலாம், காலம் மாறலாம், அது மாறாது. வேட்டிதான் வழமை. கட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒட்டு வேட்டி வந்துவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேட்டைக் கழற்றிவிட்டால் கடவுச்சீட்டும் போனும் காசும் எங்கே போகும்? வேட்டிக்கு உள்ளே கட்டுகிற, சிப் வைத்த பை உள்ள இடுப்புப் பட்டி ஒன்று வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்கிறவற்றில் காசு பெறுமதியான அறிவுரை இதுதான். கடவுச்சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு பிரதியோடு போவது அதைவிட நல்லது.

பெண்களுக்குச் சீலை, பாவாடை தாவணி, பஞ்சாபி எதுவும் பொருந்தும். கையில்லாத சட்டை, முழங்கால் தெரியும் உடுப்பு, இறுக்கமான லெகின்ஸை மட்டும் போட்டுக்கொள்வது என்பவற்றைத் தவிருங்கள். யாரும் வாயால் சொல்லாமல் விடலாம். கண் சொல்லும்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி ஏறும், இருபத்துநாலாம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்து மணல் பரப்பிவிடுவார்கள், மறிப்புக்கு உள்ளே செருப்போடு போக முடியாது. வெளியே பாதணி பார்க்கிற இடங்கள் இருக்கும். அங்கே விடுகிற செருப்பு காணாமற் போனால் கவலைப்படாத விலையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் களவு என்றும் சொல்ல முடியாது, ஒரே மாதிரிக் கறுப்புச் செருப்பு நூறு கிடக்கும் இடத்தில் யாராவது மாறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வாரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டால் தேடவும் சுகம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளை மத்தியான மணலில் இறக்காதீர்கள், வெறுங்கால் பழகியிராது. விடியப்புறமோ பின்னேரமோ கூட்டிப் போங்கள்.

நகை பற்றிப் பெண்களுக்குத் தெரிந்ததுதான்; ஆனாலும் தேரன்று தாலிக்கொடியும் காப்பும் மின்ன நிற்கிறவர்களைப் பார்த்தாலே அவர்கள் எங்கேயிருந்து வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நகை கவனம் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு மெல்லிய சங்கிலி போதும்.

நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போவதென்றால் குறிகட்டுவானில் படகேற வேண்டும். ஏறி இறங்கும்போது நீளச் சீலையும் உயர்ந்த குதிச் செருப்பும் சேர்ந்தால் ஆபத்து. திருகோணமலைக் கோணேசர் கோயில் பாறைமேல் இருக்கிறது, பகல் வெயிலில் கல் சுடும். மன்னார் மடுமாதா தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடுப்புத்தான்.

கலியாண வீடும் செத்த வீடும்

கலியாண வீட்டுக்கு ரொறன்ரோவிலோ சென்னையிலோ வாங்கின பாரமான பட்டைக் காவிப்போவது எங்கள் வழக்கம். ஆவணி முகூர்த்தத்தில், மின்விசிறி மட்டும் சுற்றுகிற மண்டபத்தில், அது உடம்பில் எத்தனை மணித்தியாலம் இருக்கும் என்று முதலில் யோசியுங்கள். மென்பட்டு போதும். மணப்பெண்ணின் கூறைச்சீலை நிறத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டு அதைத் தவிர்ப்பது மரியாதை. சீலைச் சட்டையை அங்கே தைப்பிக்கலாம், மலிவும் அழகும். ஆனால் அளவுக்கு ஒரு பொருந்திய பழைய சட்டையைக் கொண்டுபோங்கள். போன முதல் நாளே கொடுங்கள். முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கு முன்னும் தையற்காரரின் "நாளைக்கு" என்பது ஒரு கிழமை.

என் மனைவி சொல்லச் சொன்ன ஒன்று: கலியாணத்துக்கு மோட்டார்சைக்கிளில் போகிற நிலை வரலாம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஆகவே கொண்டையும் பூவும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. முந்தானையையும் துப்பட்டாவையும் மடியில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், சில்லுக்குள் போனால் ஆளையே இழுத்து விழுத்தும்.

செத்த வீட்டுக்கு வெள்ளை, அல்லது வெள்ளைக்குக் கிட்டின நிறம். மேற்கு நாட்டுப் பழக்கத்தில் முழுக்கக் கறுப்பாகப் போவதை அங்கே பெரிதாக எடுக்க மாட்டார்கள், என்றாலும் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். சொந்தத்தில் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியின் அடியில் ஒரு சாதாரண வெள்ளைச் சேட்டும் வேட்டியும், ஒரு வெளிர் பருத்திச் சீலையும் வைத்துக்கொண்டு போவது புத்தி. இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், அபசகுனம் என்று பெரியம்மா ஏசுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலை போனால் முழுகி எழும்ப மாற்றுடுப்பும் ஒரு துவாயும் வேண்டும். கேணி ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு.

கச்சேரி, பள்ளிக்கூடம், கடல்

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகாமல் யாரும் திரும்புவதில்லை. அரைக்காற்சட்டையோடு போனால் வாசலிலேயே வேலை முடிந்துவிடும். நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த சேட்டும் போட்டுப் போங்கள், கதிரை தருவார்கள். படித்த பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்யப் போகிற பெண்கள் சீலை கட்டுவது உத்தமம். பல பள்ளிகளில் தாய்மாரையே சீலையோடு வரச் சொல்லுவார்கள். அது சரியா பிழையா என்று எனக்கும் அபிப்பிராயம் உண்டு, ஆனால் அதிபரின் அறை வாசலில் அதைப் பேசிப் பயனில்லை.

கசூரினாக் கடற்கரையில் ஊர்ச்சனம் உடுப்போடுதான் குளிக்கும். முழங்கால்வரை வரும் நீச்சலுடையும் மேலே ஒரு கறுத்த ரீசேட்டும் போட்டால் யாருடைய கண்ணும் உறுத்தாது. நெடுந்தீவில் கல்லும் முள்ளும். பின்வார்ச் சாண்டிலின் நாள் அதுதான்.

பெட்டிக்குள் வைக்கவே கூடாதவை சில உண்டு. படையினரின் சீருடையைப் போன்ற உருமறைப்பு நிற உடுப்பு வேண்டாம். புத்தர் உருவம் பதித்த எதுவும் வேண்டாம். 2014 இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்கவில் பிடித்து நாடு கடத்தினார்கள். 2017 இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது, ஆனால் அவருடைய விடுமுறை போனது போனதுதான். புலிச் சின்னமோ தலைவரின் படமோ உள்ள ரீசேட், தொப்பி, கைப்பட்டி எல்லாம் இங்கே நிகழ்வுகளில் வாங்கினவையாக இருக்கலாம். அங்கே அது தடைசெய்யப்பட்ட இயக்கம், பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. நீங்கள் பறந்துவிடுவீர்கள். நீங்கள் தங்கின வீட்டுக்காரரிடம்தான் வந்து கேட்பார்கள். பிள்ளைகளின் பைகளையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

தோய்ப்பது பற்றி. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. வெள்ளை உடுப்பு நாலு தோய்ச்சலில் மங்கும், துவாய் அப்பளம்போல விறைக்கும். அருமையான உடுப்பை அதில் போடாதீர்கள். அங்கேயே இரண்டு சாரம், மூன்று பருத்திச் சட்டை வாங்கி உடுத்திவிட்டுத் தோய்த்து மடித்து அடுத்த முறைக்கு அலுமாரியில் வைத்துவிட்டு வரலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பாட்டாவும் பெரியம்மா வீட்டுப் பின்வாசலிலேயே நிற்கிறது.

திரும்பும்போது இருபத்துமூன்று கிலோவுக்கும் மாவும் தூளும் ஒடியலும் ஏறிவிடும். இங்கே மாரிகாலம் என்றால் ஜக்கெற், சப்பாத்து, காலுறை மூன்றையும் கைப்பையில் வையுங்கள். நான் ஒரு தைமாதம் அவற்றைப் பெரிய பெட்டியின் அடியில் வைத்தேன். பெட்டி இடைவழி விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பருத்திச் சேட்டோடும் செருப்போடும் இறங்கி வாகனம் வரும்வரை கதவுக்கு உள்ளேயே நின்றேன்.