ஊருக்குள் ஒளிக்கலை விழா: கிருஷ்ணகிரியில் நடத்த விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

மாங்கனிக் கண்காட்சிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் சீரியல் செட் கட்டிப் பழகிய ஊரில் ஒளிக்கலை விழா என்று சொன்னால், இன்னும் எத்தனை மீட்டர் சீரியல் வேண்டும் என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, ஊரில் எங்கே நல்ல இருட்டு மிச்சமிருக்கிறது என்று தேடுவதிலிருந்து வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நாம் தினமும் கடந்துபோகும் ஒரு சுவரையோ பாறையையோ ஒளியாலும் நிழலாலும் ஒருநாள் இரவு நின்று பார்க்க வைப்பதே இந்தக் கலையின் வேலை என்பதால், சுற்றிலும் வெளிச்சம் கொட்டிக்கிடக்கும் இடத்தில் எவ்வளவு செலவழித்தாலும் அது எடுபடாது.

அமாவாசையை ஒட்டிய ஒரு நாளில், இரவு ஏழு மணிக்கு மேல், இரண்டு மூன்று பேராக நடந்து பாருங்கள். தெருவிளக்கு, கடைப் பெயர்ப்பலகை, வீட்டு வாசல் விளக்கு என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக விளக்குப் போட்ட சாலையில் தரையில் விழும் வெளிச்சம் 10 முதல் 20 லக்ஸ் வரை இருக்கும்; லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் ஒளி விழுகிறது என்ற அளவு. முழுநிலவின் வெளிச்சமோ 0.3 லக்ஸைக்கூட எட்டாது. மொத்தம் 6,000 லூமென் ஒளி தரும் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள வெள்ளைச் சுவரில் படம் விழச் செய்தால் சதுர மீட்டருக்கு 250 லூமென், அதாவது 250 லக்ஸ் கிடைக்கும், அது போதுமானது. அதே புரொஜெக்டரை நான்கு மடங்கு பரப்புள்ள, சுண்ணாம்பு உதிர்ந்த பழுப்புச் சுவருக்குத் திருப்பினால், பக்கத்துத் தெருவிளக்கே படத்தை வெளுக்கச் செய்துவிடும்.

பழையபேட்டைப் பக்கம் போனவுடன் எல்லோருடைய கண்ணும் மலைக்கோட்டை மேல்தான் போகும். மலை முழுவதையும் வண்ணத்தில் நனைக்கலாம் என்று குழுவில் ஒருவராவது சொல்வார். வேண்டாம் என்பதே என் கருத்து. அவ்வளவு பெரிய பாறையில் பத்து ஃபோகஸ் லைட் போட்டாலும் ஆங்காங்கே திட்டுத் திட்டாகத்தான் தெரியும். தவிர, பழைமையான கோட்டையில் ஆணி ஒன்று அடிப்பதற்கும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். மலையை அப்படியே கறுத்த பின்திரையாக விட்டுவிட்டு, அடிவாரத்தில் சிறிய படைப்புகளை வைத்தால், மலை தானாகவே விழாவுக்குள் வந்துவிடும். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணையின் நீர்ப்பரப்பு ஒளி பிரதிபலிப்பதற்கு அருமையான இடம்தான். ஆனால் இரவில் குழந்தைகளோடு அங்கே போய்த் திரும்புவது எளிதன்று என்பதால் முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

படைப்புக்கான பொருளை வெளியூரில் தேட வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தின் கிரானைட் பட்டறைகளில் மெருகேற்றாத, உளித்தடமோ வெட்டுத்தடமோ உள்ள துண்டுப் பலகைகள் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றில் ஒன்றை நிறுத்திவைத்து நேர் எதிரிலிருந்து டார்ச் அடித்தால் வெறும் கறுப்புக் கல்தான் தெரியும். டார்ச்சைக் கல்லின் ஓரத்துக்குக் கொண்டுபோய், கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒளி அதன் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி சாய்த்தால் ஒவ்வொரு மேடும் தன் நிழலை நீட்டி எழுந்து நிற்கும். இந்தப் பகுதியில் ஏராளமாகக் கிடைத்திருக்கும் நடுகற்களில் தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க ஆய்வாளர்கள் கையாளும் முறையும் இந்தச் சாய்வெளிச்சம்தான். நடுப்பகலில் கண்ணுக்குச் சிக்காத வீரனின் வாளும் வில்லும் இரவில் பக்கவாட்டு ஒளியில் புடைத்துக்கொண்டு வருவதை ஒருமுறை பார்த்தவருக்கு, ஒளிக்கலைக்கு வேறு பாடம் வேண்டாம். பத்துக் கற்களை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய விளக்கை வெவ்வேறு கோணத்தில் வைத்தாலே நாற்பது அடி நீளத்துக்கு ஒரு படைப்பு உருவாகிவிடும். எடை அதிகம் என்பதால், கல்லின் அடிப்பகுதியைக் குழிக்குள் இறக்கி இறுக்கிய பிறகே மக்களை அருகில் விட வேண்டும்.

மாவளியையும் மறந்துவிட வேண்டாம். பனம்பூவைக் கரியாக்கிப் பொடித்து, துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்துக் கார்த்திகைக்குச் சுற்றினோமே, இருட்டில் தீப்பொறி வட்டம் வரையும் அந்த விளையாட்டு எந்த நாட்டு ஒளிவிழாவிலும் தனி அரங்கு பெறத் தகுந்தது. பிரான்சின் லியோன் நகர விழாவின் தொடக்கமும் நம் கார்த்திகைக்கு மிக நெருக்கமானதே: 1852 டிசம்பர் 8 அன்று மாதா சிலைத் திறப்புக்கான வாணவேடிக்கை மழையால் நடக்காது என்றிருந்தபோது, மக்கள் தங்கள் வீட்டு ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். மாவளி சுற்ற, காய்ந்த புல் இல்லாத திறந்த வெளியும், கயிற்றின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளியும், தண்ணீர் வாளிகளும், சுற்றுபவருக்குப் பருத்தி உடையும் கட்டாயம்.

கார்த்திகையன்றே விழாவை வைக்கலாமே என்று தோன்றும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். சனவரி, பிப்ரவரியில் மழையும் ஈசலும் குறைவு, ஆறு மணிக்குச் சற்றுப் பின்னரே பொழுதும் சாய்ந்துவிடும்.

அனுமதி பற்றி நீட்ட வேண்டியதில்லை. இடத்துக்கும் தெருவிளக்குக்கும் நகராட்சி, கூட்டத்துக்குக் காவல் நிலையம், தற்காலிக மின் இணைப்புக்கு மின்வாரியம், தீக்குத் தீயணைப்பு நிலையம் என்று ஒரு மாதம் முன்னரே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தெருவிளக்கை அணைக்கக் கேட்கும்போது கம்பத்தின் எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் காரியம் நடக்கும். அணைத்த பகுதியில் நடப்பவர்களுக்காக, கணுக்கால் உயரத்தில் மங்கலான வழிவிளக்குகள் வையுங்கள்.

மின்சாரத்தில்தான் பெரும்பாலான விழாக்கள் சறுக்குகின்றன. எங்கள் தெருத் திருவிழாவில் ஒருமுறை 12 வோல்ட் வண்ண எல்.இ.டி. பட்டையை 30 மீட்டர் ஒயர் இழுத்து நான்தான் மாட்டினேன். தொடக்கத்தில் வெள்ளையாக இருந்த ஒளி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. பட்டை பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போகவர 60 மீட்டருக்கு ஏறத்தாழ 0.45 ஓம் தடை. 5 ஆம்பியர் ஓடும்போது 2.2 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. பட்டையின் மெல்லிய செம்புத்தடத்திலும் மேலும் கொஞ்சம் குறைய, அதிக மின்னழுத்தம் கேட்கும் நீலமும் பச்சையும் முதலில் மங்கிச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதே 60 வாட்டை 24 வோல்ட்டில் கொடுத்தால் இழப்பு 1.1 வோல்ட்தான். ஆகவே 24 வோல்ட் விளக்குகளை வாங்குங்கள், பவர் சப்ளையை விளக்குக்கு அருகில் வையுங்கள், நீளமான பட்டைக்கு இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள்.

230 வோல்ட் வரும் ஒவ்வொரு கிளைக்கும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, அதன் சோதனைப் பொத்தானைத் தினமும் மாலையில் அழுத்திப் பாருங்கள். திறந்தவெளி விளக்கு, தூசியும் தெறிக்கும் நீரும் புகாத ஐ.பி. 65 தரத்தில் இருக்கட்டும். பவர் சப்ளையைப் பாலித்தீன் பையில் சுற்றும் நம் வழக்கம் ஆபத்தானது, ஏனெனில் உள்ளே வியர்த்த நீர் வெளியேற வழியில்லை. மூடிய பெட்டியில், தரையிலிருந்து உயர்த்தி, ஒயர் அடிப்பக்கமாக நுழையும்படியும், நுழையுமுன் சற்றுத் தொங்கி வளையும்படியும் வைத்தால் மழைநீர் ஒயர் வழியே வழிந்து உள்ளே போகாது.

நெடுஞ்சாலைகள் கூடும் ஊர் என்பதால், எந்த விளக்கும் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்காமல் திருப்பப்பட்டிருக்கிறதா என்பதைச் சாலையில் நின்று சரிபார்க்க வேண்டும். பானிபூரி வண்டிகளும் கரும்புச்சாறு வண்டிகளும் கட்டாயம் வரும், வரட்டும்; ஆனால் அந்த வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று போதும், பக்கத்திலுள்ள படைப்பைக் காணாமல் ஆக்குவதற்கு. பாதையின் முகப்பிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்து, எந்தப் பிளக் சுடுகிறது என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு சோதியுங்கள். விழா முடிந்த இரவே ஒயர்களைச் சுருட்டி எண்ணிவிட்டு, அணைத்த தெருவிளக்குகள் எல்லாம் மறுபடி எரிகின்றனவா என்று கம்ப எண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போகலாம்.