முதல் முறை ஆயில் மாற்றுகிறீர்களா? பில்டர் ரப்பரைப் பாருங்கள்

எங்கள் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டிக்கு இதுவரை நான்கு முறை நானே என்ஜின் ஆயில் மாற்றியிருக்கிறேன். முதல் முறை மாற்றியபோது, ஊற்றிய புது ஆயிலில் பாதி அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஓடியது. வாட்ச்மேன் அண்ணன் மரத்தூள் கொண்டுவந்து கொட்டிய பிறகுதான் தரை தெரிந்தது. அந்தக் கதை பில்டர் கட்டத்தில் வரும்.

ஆயில், பில்டர், டிரெயின் போல்ட்டுக்கு (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) புது வாஷர் மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆயில் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், கடையில் கேட்காதீர்கள். புத்தகம் 0டபிள்யூ-20 என்று சொல்லும், "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தண்ணி சார்" என்று 20டபிள்யூ-50 டப்பாவை நீட்டுவார்கள். கடைசியில் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிப்பது. என்ஜின் சூடேறிவிட்டால் அதற்குச் சென்னையும் ஊட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்பானரில் ரிங் ஸ்பானர் அல்லது சாக்கெட் மட்டும். அட்ஜஸ்டபிள் ஸ்பானரைத் தொடவே தொடாதீர்கள், போல்ட்டின் முனையை மழுக்கிவிடும். பனியன் வேஸ்ட் ஒரு கட்டு, நாலைந்து லிட்டர் பிடிக்கும் பழைய பேசின் ஒன்று.

வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சமதளம், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு அண்டைக் கல். ஜாக்கியில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) இறக்கிவைத்த பிறகுதான் அடியில் தலையை நுழைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிப் படுப்பவர்கள் தயவுசெய்து சர்வீஸ் சென்டருக்கே போய்விடுங்கள்.

மேலே ஆயில் மூடியைத் திறந்துவையுங்கள். கீழே சம்ப்பில், அதாவது என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியில், இருக்கும் டிரெயின் போல்ட்டை ஸ்பானரால் இளக்கி, மீதியைக் கையால் கழற்றுங்கள். கடைசி மரை விடும்போது போல்ட்டைச் சட்டென்று பக்கவாட்டில் இழுக்காவிட்டால் முழங்கை வரை சூடான ஆயில்தான். சொட்டு நின்றதும் புது வாஷரோடு மாட்டுங்கள். முதலில் கையாலேயே நாலைந்து சுற்று, அப்புறம் ஸ்பானர். இங்கே பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், பிறகு சம்ப்பையே மாற்ற வேண்டி வரலாம்.

இப்போது பில்டர். பழையதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், ஆயில் ஊற்றினேன், ஸ்டார்ட் செய்தேன். "சர்ர்" என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பில்டரைச் சுற்றி ஆயில் பீய்ச்சுகிறது. அணைத்துவிட்டுக் கழற்றினால் பில்டர் வாயில் இரண்டு ரப்பர் வளையம்! பழைய பில்டரின் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கறுப்பு ஆயில் படிந்த இடத்தில் கறுப்பு ரப்பர், கண்ணுக்கு எங்கே தெரியும்? அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறேன்.

ஆகவே பழைய பில்டர் கையில் வந்ததும் அதன் வாயைப் பாருங்கள். வளையம் இல்லையென்றால் அது என்ஜினில்தான் இருக்கிறது. இருந்தாலும்கூட, என்ஜின் பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பாருங்கள், மொழுமொழுவென்று வெறும் உலோகம்தான் படவேண்டும். புதிய பில்டரின் வளையத்தில் ஒரு விரல் புது ஆயில் தடவி, கையால் முறுக்குங்கள். ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. பில்டரை இறுக்க ஸ்பானர் வேண்டவே வேண்டாம்.

என் வண்டிக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். டப்பாவில் மூன்றரை இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்க்காதீர்கள். அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அடியில் கசிவு இல்லையா? அணைத்துவிட்டு வண்டியைக் கீழே இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், தாண்டக் கூடாது. தாண்டினால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

பழைய ஆயிலைக் காலி டப்பாவில் ஊற்றி மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுகிறேன். சென்ட்ரிங் வேலை செய்பவர்கள் பலகையில் தடவக் கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. சாக்கடையில் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மாற்றிய ஒருவர், டிப் ஸ்டிக்கில் ஆயில் கோட்டுக்கு எங்கேயோ மேலே நிற்கிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், அவர் திறந்தது பக்கத்தில் இருக்கும் கியர் பாக்ஸின் போல்ட். பழைய என்ஜின் ஆயில் அப்படியே இருக்க, மேலே புதியதும் போய்விட்டது. என் தப்புதான், இரண்டு போல்ட் உண்டு என்பதை நான் எழுதவே இல்லை. பில்டர் மாட்டியிருக்கும் பக்கம் என்ஜின், அதன் அடியில் இருக்கும் சம்ப்பில்தான் உங்கள் போல்ட். வடிவது கறுப்பாக இல்லாமல் தேன் நிறத்தில் கெட்டியாக வந்தால் சந்தேகப்படுங்கள். கியர் ஆயில் இறங்கிவிட்டதென்றால் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.