ஆமையின் ஓடு மேடு தட்டாமல் வளர

என்னிடம் இரண்டு சல்காட்டா ஆமைகள் இருக்கின்றன, ஆப்பிரிக்காவின் சகாரா ஓரத்துத் தரை ஆமைகள். மூத்தவனின் முதுகைத் தடவினால் முட்டை அட்டையைத் தடவுவது போல மேடும் பள்ளமுமாக இருக்கும். இளையவனின் முதுகு கவிழ்த்து வைத்த கிண்ணம்போல வழவழவென்று இருக்கும். இருவருக்கும் போட்டது பெரும்பாலும் ஒரே புல், ஒரே இலைதான்.

மூத்தவனைக் குஞ்சாக வாங்கியபோது, “பாலைவனப் பிராணி, ஈரமே ஆகாது” என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் நம்பி, திறந்த தொட்டியில் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, மேலே சூடான பல்பைத் தொங்கவிட்டேன். வாரம் ஒரு குளியல். எட்டாவது மாதத்தில் ஒவ்வொரு தகடும் கூம்பாக எழும்பத் தொடங்கியது. புரதம் அதிகமாகிவிட்டதோ என்று தீனியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு ஈரப்பதமானியை வாங்கித் தொட்டிக்குள் வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது: 28 சதவீதம்!

2003-இல் வியன்னா ஆய்வாளர்கள் 50 சல்காட்டா குஞ்சுகளை ஐந்து மாதம் வளர்த்து, இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓடு கூம்பாவதற்குக் காற்றின் வறட்சிதான் பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறியது என்பது அதன் முடிவு. யோசித்தால் நியாயம்தான். காட்டில் இவற்றின் குஞ்சுகள் வெளிவருவது மழைக்காலத்தை ஒட்டி. வெயில் காலத்தில் பதுங்குவதோ ஈரம் தங்கிய வளைக்குள்.

ஆகவே, முதல் வேலையாகத் தொட்டியை மூடுங்கள். மேல்பக்கம் திறந்திருந்தால் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். அடியில் நான்கு அங்குலத்துக்குத் தேங்காய் நார்த்தூள் போடுங்கள். தண்ணீரை நடுவில் தெளிக்காமல் மூலைகளில் ஊற்றுங்கள். அடியில் ஈரம் நிற்கும், ஆமை நடக்கும் மேல்பரப்பு ஓரளவு காய்ந்திருக்கும். நார்த்தூளை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. ஈரப்பதமானியை ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். 80 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும். கூரையில் ஒட்டினால் அது வேறு கதை சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கு ஒழுகும், நுரையீரலில் சளி கட்டும். ஈரமாக வைத்த தொட்டியில் இரவிலும் 27 டிகிரிக்குக் கீழே போக விடாதீர்கள். வாரம் ஒரு முறை அடி ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். சிவந்த திட்டோ நாற்றமோ இருந்தால் மேல்பரப்பு அளவுக்கு மீறி நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குஞ்சுக்குத் தினமும் குளியல் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், தாடை மட்டத்துக்கு, இருபது நிமிடம். இளையவன் முதல் இரண்டு நிமிடம் சுவரேறப் பார்ப்பான், அப்புறம் தலையை முக்கித் தண்ணீர் குடிப்பான். பெரும்பாலும் அங்கேயே மலமும் கழித்துவிடுவான். தொட்டியில் கழிப்பதைவிட அது எனக்கு வசதி.

விளக்கில் நான் செய்த தவறு, ஒரே இடத்தில் குவிந்து அடிக்கும் பல்ப். அது முதுகைக் காய வைத்துவிடும். வெப்பம் பரவலாக விழட்டும். யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு தனியாக வேண்டும், ஆமைக்கும் அதற்கும் நடுவில் கண்ணாடி இல்லாமல், ஏனென்றால் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சம் வருகிறதே என்று பழைய விளக்கை ஓட்டாதீர்கள், வெளிச்சம் மங்குவதற்கு முன்பே கதிர் குறைந்துவிடும். யூவிபியும் கால்சியமும் போதாவிட்டால் ஓடே மெத்துமெத்தென்றாகும். அது கூம்பாவதைவிட மோசமான வியாதி.

தீனியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புல், களைச்செடி, இலை. பழம் வேண்டாம், நாய் பூனைத் தீனி வேண்டவே வேண்டாம்.

ஓட்டில் எண்ணெய் தடவச் சொல்வார்கள். பளபளக்கும், அவ்வளவுதான்.

எழும்பிய மேடு திரும்ப அமுங்காது. ஆனால் மூத்தவனை மூடிய தொட்டிக்கு மாற்றி, தினமும் குளிப்பாட்டத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கூம்பின் அடியிலும் வெளிர் நிறத்தில் புது வரி வளர்ந்திருக்கிறது. விரலை வைத்து இழுத்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக, வழுக்கிக்கொண்டு போகிறது.