பீட்டா கருவியில் பிஎம் 2.5: லீக் பார்க்காமல் ஃப்ளோவைத் தொடாதீர்கள்

பீட்டா கருவி, காற்றை உறிஞ்சித் தூசியை வடிதாள் டேப்பில் படியவைத்து, பீட்டா கதிரைக் கொண்டு அதன் அளவைக் கணக்கிடும். தானியங்கிக் காற்றுத்தர நிலையங்களில் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்) அளக்கும் இந்தக் கருவிக்கு மாதாந்திர காலிபரேஷன் என்றால், பலரும் கூரையில் ஏறியதும் ரெஃபரன்ஸ் ஃப்ளோ மீட்டரை (காற்றோட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மீட்டர்) மாட்டி, நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வரும்வரை திருத்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கருவிக்குள் லீக் இருந்தால் இந்தத் திருத்தம் அதைச் சரிசெய்யாது, மூடி மறைத்துவிடும்.

மெட் ஒன் நிறுவனத்தின் பிஏஎம்-1020ஐ வைத்துச் சொல்கிறோம். இன்லெட் வழியாக நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். அந்த வேகத்தில்தான், காற்றைச் சுழற்றிப் பெரிய துகள்களை ஒதுக்கும் சைக்ளோன் 2.5 மைக்ரானில் பிரிக்கும். காற்றை டேப்பின்மேல் செலுத்தும் நாசிலுக்கும் டேப்புக்கும் நடுவே 1 லிட்டர் லீக் இருக்கிறது என்று வையுங்கள். ஃப்ளோ சென்சார் டேப்புக்குக் கீழே இருப்பதால் அது 16.7 என்றே காட்டும், இன்லெட்டில் வருவதோ 15.7தான். அறைக்குள்ளிருந்து புகும் காற்றும் கணக்கில் சேர்வதால் ரீடிங் குறையும். சைக்ளோனில் வேகம் குறைவதால் பெரிய துகள்களும் உள்ளே வந்து ரீடிங்கைக் கூட்டும். எதிரெதிரான இரண்டு பிழைகள். அதனால் டேட்டாவை மட்டும் பார்த்து லீக்கைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த நிலையில் இன்லெட்டில் 16.7 வரும்படி ஃப்ளோவைத் திருத்தினால், அடுத்த மாதம் யாராவது நாசிலைத் துடைத்து லீக் நின்றதும் இன்லெட் ஃப்ளோ 17.7க்குப் போய்விடும்.

ஆகவே வரிசை இதுதான்: இருக்கும் நிலையைக் குறித்தல், லீக், சுத்தம், மறுபடி லீக், வெப்பநிலை, அழுத்தம், கடைசியில் ஃப்ளோ.

கையில் இருக்க வேண்டியவை: ஓராண்டுக்குள் காலிபரேட் செய்த ரெஃபரன்ஸ் ஃப்ளோ மீட்டர், தெர்மாமீட்டர், பாரோமீட்டர் (மூன்றும் ஒன்றாக இருக்கும் மீட்டர்களும் உண்டு), லீக் டெஸ்ட் வால்வ், ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத பஞ்சுக்குச்சி, சிலிக்கோன் கிரீஸ். ஏசி வண்டியிலிருந்து எடுத்த மீட்டரை உடனே மாட்டாதீர்கள். ஒரு மணி நேரமாவது நிழலில் வைத்து வெளிவெப்பத்துக்கு வரவிடுங்கள்.

எதையும் துடைப்பதற்கு முன் டேப்பைப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். நல்ல கருவியில் தூசிப் புள்ளி ஒவ்வொன்றும் காம்பஸ் வைத்து வரைந்த வட்டம் போல ஓரம் கூர்மையாக இருக்கும். ஓரம் மங்கி, சுற்றிலும் நிழல் படர்ந்தாற்போல இருந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை. எல்லாப் புள்ளிகளிலும் ஒரே இடத்தில் ஊசி குத்தியது போலத் துளை இருந்தால், நாசில் விளிம்பிலோ கீழே உள்ள வலைத் தகட்டிலோ டேப் நார் காய்ந்து கட்டியாக ஒட்டியிருக்கிறது. கடலோர ஈரக்காற்றில் இது சீக்கிரமே நடக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் மாதம் ஒருமுறை துடைப்பது போதாமல் போகலாம்.

அடுத்து லீக் சோதனை. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத் தடுக்கும் மேல் முனையான பிஎம் 10 தலையை மட்டும் கழற்றுங்கள், சைக்ளோன் அதன் இடத்திலேயே இருக்கட்டும். மேலே லீக் வால்வை மாட்டி மெதுவாக மூடுங்கள். திரையில் ஃப்ளோ 1.0 லிட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். சுழியத்துக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வால்வை மூடியதும் உள்ளே வெற்றிடம் ஏறுவதால், சாதாரண ஓட்டத்தில் பொருட்படுத்த வேண்டாத லீக்கும் இங்கே பெரிதாகத் தெரியும். கிடைத்த எண்ணை 'வந்தபோது இருந்த நிலை' என்று படிவத்தில் எழுதுங்கள். திறக்கும்போதும் மெதுவாகத்தான், சட்டென்று திறந்தால் டேப் கிழியும்.

1.0க்கு மேல் என்றால் பத்தில் எட்டு முறை நாசில்தான் காரணம். டேப்பைக் கழற்றி, ஆல்கஹால் தோய்த்த குச்சியால் வலைத் தகட்டைத் துடையுங்கள். கட்டியிருந்தால் நகத்தால் சுரண்ட வேண்டாம், ஆல்கஹாலில் ஊறவிட்டு எடுங்கள். பிறகு குச்சியை நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து, நாசிலை அதன்மேல் இறக்கி, கையால் சுற்றுங்கள். குச்சி கறுப்பில்லாமல் வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நாசில் இறங்கும்போது விரல் நடுவில் இருக்கக் கூடாது, ஸ்பிரிங் வலுவானது. பக்கத்திலேயே பீட்டா கதிரைத் தரும் கார்பன்-14 கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதைக் கழற்றவோ துடைக்கவோ வேலையே இல்லை.

துடைத்த பின்னும் லீக் நிற்கவில்லையா? வால்வைப் படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். சைக்ளோனுக்கு மேலே லீக் காட்டி, சைக்ளோனைக் கழற்றிக் குழாயில் மாட்டும்போது நின்றால் சைக்ளோன் ஓ-ரிங்கைப் பாருங்கள். அங்கும் நிற்காவிட்டால் இன்லெட் குழாய் கருவிக்குள் நுழையும் இடத்து ஓ-ரிங். வெடித்திருந்தால் மாற்றுங்கள், காய்ந்திருந்தால் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சுப் போதும். கிரீஸ் அதிகமானால் தூசி பிடிக்கும்.

லீக் முடிந்தால் வெப்பநிலை. தெர்மாமீட்டரைக் கருவியின் சென்சாருக்குப் பக்கத்தில், வெயில் படாமல் தொங்கவிடுங்கள். வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மூன்று டிகிரி தவறினால் கன அளவில் ஏறக்குறைய 1 சதவீதம் பிழை வரும். நண்பகல் வெயிலில் சூடேறிய கூரையில் இரண்டு சென்சாரும் ஒத்துப்போவது கடினம், காலையில் செய்வது நல்லது.

அழுத்தத்தில்தான் பெரிய பிழை நடக்கிறது. பாரோமீட்டர் இல்லாதபோது வானிலைத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். நமக்கு வேண்டியது கருவி நிற்கும் இடத்தின் அழுத்தம். சென்னையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் தப்பு தெரியாது. 411 மீட்டர் உயரத்தில் உள்ள கோயம்புத்தூரில் உண்மை அழுத்தம் 725 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியிருக்கும். 758 என்று ஏற்றினால் 4 சதவீதத்துக்கு மேல் பிழை. சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 580-590தான் வரும். அனுமதிக்கும் வித்தியாசம் வெறும் 10 மில்லிமீட்டர்.

இனி ஃப்ளோ. மெனுவில் ஃப்ளோ வகை 'ஆக்சுவல்' (அந்த இடத்து வெப்பநிலை, அழுத்தத்தில் உள்ள கன அளவு) என்று இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சைக்ளோனுக்கு மேலே ரெஃபரன்ஸ் மீட்டரை மாட்டுங்கள். முதலில் கேல் (காலிபரேஷன்) பட்டனைத் தொடாமல் 16.7இல் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸோடு 4 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், அதாவது சுமார் 16.0 முதல் 17.3 வரை, கருவி நல்ல நிலையில்தான் இருக்கிறது. எல்லைக்கு நெருங்காதவரை திருத்தாமல் விட்டுவிடுவதே எங்கள் பழக்கம். மாதாமாதம் 0.1க்காகத் திருத்திக்கொண்டிருந்தால் கருவி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே தெரியாமல் போகும்.

திருத்தத்தான் வேண்டும் என்றால் மூன்று புள்ளிகள்: 15.0, 18.4, கடைசியாக 16.7. ஒவ்வொன்றிலும் எண் நிலைத்து நிற்கும்வரை பொறுத்து, ரெஃபரன்ஸ் எண்ணை ஏற்றி கேல் அழுத்துங்கள். 18.4ஐ எட்டவே முடியாமல் திணறினால் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம். மூன்றும் முடிந்ததும் 16.7இல் இன்னொரு முறை சரிபார்த்து, 'விட்டுச்சென்ற நிலை' என்று எழுதுங்கள்.

நிறுவியதும் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, சுழியச் சோதனை. முதலில் பேக்கிரவுண்ட் மதிப்பை (தூசி இல்லாதபோதும் கருவி காட்டும் எண்ணைச் சரிக்கட்டும் திருத்தம்) 0.000 ஆக்குங்கள், பழைய எண்ணைக் குறித்துக்கொண்டுதான். இன்லெட்டில் துகள்களைத் தடுக்கும் ஹெப்பா ஃபில்டரை மாட்டி 72 மணி நேரம் ஓடவிட்டு, ஆரம்பத்தில் நிலைபெறாத சில மணி நேரங்களை விட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியின் குறியை மாற்றினால் கிடைப்பதே புதிய பேக்கிரவுண்ட். அறை ஏசி, ஹீட்டர் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஹெப்பாவுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். முடிந்தால் ஜனவரி–பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தபோது இருந்த எண் எல்லைக்கு வெளியே இருந்தால், இன்று சரிசெய்துவிட்டோம் என்று படிவத்தை மூடிவிட முடியாது. கடைசியாகத் தேறிய சோதனை என்றைக்கோ, அன்றிலிருந்து இன்றுவரை உள்ள டேட்டா முழுக்கச் சந்தேகத்துக்குரியது. நடுவில் எந்த நாளில் டேப் புள்ளிகளின் ஓரம் மங்கத் தொடங்கியது என்று காட்ட முடிந்தால் அதற்கு முந்தைய நாட்களைக் காப்பாற்றலாம். ஆகவே ஓடி முடிந்த டேப் சுருளைத் தூக்கிப் போடாமல், தேதி எழுதி உறையில் போட்டு வையுங்கள்.