பாலைவன ஊர்ல வீடு கட்டறீங்களா, ஏசிக்கு முன்னாடி சுவத்தப் பாருங்க

பாலைவனத்துல பகல்ல கொளுத்தும், ராத்திரி நல்லா எறங்கிடும், இந்த வித்தியாசம்தான் நமக்கு ஓசில கிடைக்கற ஏசி. அதனால சுவரு கனமா இருக்கணும், 40 செ.மீ. மண் சுவர்னா மத்தியான சூடு உள்ள வந்து சேரவே ராத்திரி ஆயிடும், அப்போ ஜன்னல தொறந்து விட்டா வெளிக்காத்து அத தூக்கிட்டுப் போயிடும், விடிஞ்சதும் எல்லாத்தையும் இறுக்க சாத்திடணும். நிறைய பேரு இத உல்டாவா பண்றாங்க, காத்து வரட்டும்னு பகல்ல தொறந்து வெச்சு அனல உள்ள கூப்பிடறாங்க.

மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டவே வேண்டாம். ஏற்கனவே வெச்சுட்டீங்கன்னா உள்ள திரை போட்டு பெருசா பிரயோஜனம் இல்ல, வெளியிலயே தட்டி கட்டுங்க, கண்ணாடியத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். மொட்டை மாடிக்கு வெள்ளை சுண்ணாம்பு, தூசி படிஞ்சா பெருக்கிடுங்க.

நாலஞ்சு குடும்பம் சேர்ந்து கட்டறதா இருந்தா வீடுங்கள ஒட்டி ஒட்டி வைங்க, சந்தும் குறுகலா இருக்கட்டும். ஈரான்ல யஸ்த் நகரத்து பழைய தெருவெல்லாம் அப்படித்தான், ஒரு வீட்டு நிழல் எதிர் வீட்டு சுவத்துல விழும், கூடவே காத்த புடிச்சு கீழ எறக்கற கோபுரம் வேற. வில்லா மாதிரி தனித்தனியா நிறுத்தினா நாலு பக்கமும் வெயில்லதான் காயும்.